ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் பிறந்தநாள் எத்தனை மணிக்கு? சிரிப்பார்கள். சிலர் ஜாதகத்தை நினைத்துக்கொண்டு பிறந்த நேரத்தைச் சொல்வார்கள். பிறந்த நேரம் வேறு, பிறந்தநாள் வேறு என்பேன். பிறந்தநாளுக்கு மணி கிடையாது. அது ஒரு நாள், அவ்வளவுதான். இந்தச் சாதாரண விஷயத்தை யாரோ மறந்துவிட்டதால் எங்கள் மலையில் ஒரு பெண்பிள்ளையின் ஓட்டம் நின்றுபோகப் பார்த்தது. நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்த அறக்கட்டளையை உங்களுக்குத் தெரியும். இப்போது நீங்களும் அங்கேதான் சேர்ந்திருக்கிறீர்கள். மலைக் கிராமங்களில் நன்றாக ஓடுகிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, சேலம் விடுதியில் தங்கவைத்துப் படிப்பும் பயிற்சியும் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பிள்ளைகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் என் பொறுப்பில் இருந்தது. ஏற்காடு பஜாரில் மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், மழை வந்தால் போய்விடும் கரண்டு. எனக்கு உதவியாகச் சேலத்திலிருந்து வந்த கார்த்தி. கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்று அவனிடம் நான் சொல்லாத நாளில்லை.

விடுதியில் சேர வயது வரம்பு உண்டு. குறிப்பிட்ட வருஷம் ஜூன் ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் ஜூனில் திறப்பதால் அப்படி வைத்திருந்தார்கள். இதே காரணத்துக்காக மலையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வீட்டிலேயே பிறந்து, பதியாமல் விட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால், தலைமையாசிரியர் தாயைப் பார்த்து, "எந்த மாசம் பொறந்ததும்மா?" என்று கேட்பார். தாய், காப்பி பூத்த சமயம் என்பாள், பலா பழுத்த சமயம் என்பாள். அவர் கணக்குப் பார்த்து வருஷத்தை எழுதி, பக்கத்தில் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார். பிள்ளைக்கு வயதும் சரியாக வரும், சேர்க்கையும் நடக்கும். அதனால் எங்கள் மலையில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் ஏராளம். கேக் வெட்டும் பழக்கம் இருந்திருந்தால் அன்றைக்கு பேக்கரிக்காரர்கள் பிழைத்திருப்பார்கள்.

நான் சொல்லும் அந்த வருஷம் வரை, பள்ளிகள் அனுப்பும் விவரத்தை நாங்களே அலுவலகத்தில் உட்கார்ந்து ஏற்றிவந்தோம். அந்த வருஷம்தான் போன் ஆப் வந்தது. எங்கள் ஆட்கள் நாகலூர், மஞ்சக்குட்டை என்று கிராமம் கிராமமாகப் போய், முதல் ஓட்டத்தில் தேறிய பிள்ளைகளின் விவரத்தை அங்கேயே போனில் ஏற்றினார்கள். ஏற்காடு பஜாரிலும் அடிவாரத்திலும் இருக்கும் பெரிய பள்ளிகளின் விவரம் மட்டும் பழையபடி அலுவலகத்தில் ஏறியது. பிறகு வயதை வைத்து வடிகட்டி, கடைசி ஓட்டத்துக்கான பட்டியலை எடுத்தோம். காலையில் கீழே பலகையில் ஒட்டினார்கள். மறுநாள் காலை மைதானத்தில் ஓட்டம்.

பட்டியல் ஒட்டிச் சிறிது நேரத்தில் ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் ஆரோக்கியமேரி. நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் வேலை. பின்னால் அவள் மகள் ஜெசிந்தா, மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், அழுது முடித்த முகம்.

"ஏனுங்க மேடம், எம்பொண்ணு பேரு பலகையில இல்லீங்க. நாகலூர் ஓட்டத்துல இவதானுங்க மொதல்ல வந்தா. கீழ கேட்டா, வயசு தாண்டிப்போச்சு, சிஸ்டம் எடுக்கலைங்கறாங்க. இதப் பாருங்க, பள்ளிக்கூடத்துல குடுத்தது."

சிஸ்டம் எடுக்கலை என்று சொல்கிற ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது. சிஸ்டம் என்ன சாமியா, படையலை எடுக்க மாட்டேன் என்று சொல்ல? சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ஜூன் ஒன்று. வரம்பு தொடங்குகிற அதே வருஷம். உள்ளே வர வேண்டியவள்தான்.

கார்த்தி அவள் விவரத்தைத் திரையில் எடுத்தான். "மேடம், இங்கயும் ஜூன் ஒண்ணுதான் காட்டுது. அப்புறம் ஏன் லிஸ்ட்ல வரல?"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க" என்றாள் ஆரோக்கியமேரி. "அடுத்த வருசம் இவளுக்கு வயசு நெசமாலுமே தாண்டிரும்ங்களே. இத உட்டா இவளுக்கு வேற வழியில்லீங்க மேடம்."

திரை காட்டுவது ஒன்று, உள்ளே கிடப்பது ஒன்று. இது உங்களுக்குப் புத்தகத்தில் படித்த பாடமாக இருக்கும். எனக்கு அன்றைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தது. திரையை மூடிவிட்டு, விவரங்கள் வரிவரியாகக் கிடக்கும் டேபிளையே நேராகத் திறக்கச் சொன்னேன். ஜெசிந்தாவின் பிறந்தநாள் அங்கே மே முப்பத்தொன்று, மாலை ஆறரை மணி என்று கிடந்தது. அடுத்த வரி மஞ்சக்குட்டைப் பெண் ஒருத்தி. அவளுக்கும் அதே நாள், அதே ஆறரை. போனில் ஏற்றிய அத்தனை பேருக்கும், எந்த மாதமானாலும் எந்தத் தேதியானாலும், ஆறரை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கார்த்தி, மலையில அத்தன பிள்ளையும் விளக்கு வைக்கிற நேரமாப் பாத்தா பொறந்துது?" என்றேன்.

அவன் தலையில் கை வைத்தான். விஷயம் இவ்வளவுதான். ஆப்பை எழுதியவர்கள் பிறந்தநாளை வெறும் நாளாக வைக்காமல், மணியும் சேர்ந்த நேரமாக வைத்திருந்தார்கள். ஜூன் ஒன்று என்று போட்டால் அது ஜூன் ஒன்று நள்ளிரவு ஆகிவிடும். அதையும் லண்டன் பக்கத்து கிரீன்விச் நேரத்துக்கு மாற்றித்தான் டேபிளில் வைக்கும். நம் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை ஆறரை. திரையில் காட்டும்போது மறுபடி நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதால் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் பட்டியல் எடுக்கும் குவெரி திரையைப் பார்ப்பதில்லை. உள்ளே கிடப்பதை ஜூன் ஒன்றோடு ஒப்பிட்டது, மே முப்பத்தொன்று முந்தியது, வெளியே போ என்றுவிட்டது.

ஆகஸ்டில் பிறந்தவனுக்கு ஒரு நாள் நகர்ந்தால் ஒன்றும் ஆகாது. வரம்பின் மேலேயே நிற்கிறவனுக்குத்தான் ஆபத்து. எங்கள் மலைப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தலைமையாசிரியர்கள் நல்ல மனதோடு அந்த வரம்பின் மேலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சான்றிதழோடு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். வீட்டில் பிறந்தவர்கள் மொத்தமாக அடிபட்டார்கள்.

அறக்கட்டளைச் செயலாளரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் அவர். வாயில் விசில் இல்லாவிட்டாலும் இருப்பது போலத்தான் பேசுவார். வந்தவர் ஆரோக்கியமேரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இதுக்கா இவ்வளவு கலவரம்? அந்தப் பொண்ணோட தேதிய மட்டும் திருத்திப்போடும்மா. பேரைப் பேனாவுல கீழ எழுதிக்கலாம். முடிஞ்சுது."

எனக்கும் ஆசைதான். ஒரு வரியைத் திருத்த ஒரு நொடி போதும். எதிரில் நிற்கும் தாய் கும்பிட்டுவிட்டுப் போவாள், செயலாளர் டீ சொல்வார், நானும் நல்லவள் ஆகிவிடுவேன். பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களுக்கு வரும் பெரிய சோதனை இதுதான். கதவைத் தட்டியவரின் வரியை மட்டும் திருத்திவிடத் தோன்றும். பஸ் ஏறி வந்து கேட்கத் தெரிந்தவளின் பிள்ளைக்கு நியாயம் கிடைக்கும். சரி, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று மூட்டை தூக்கப் போய்விட்டவனின் பிள்ளை வெளியிலேயே நிற்கும். தப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், அதைச் சொல்ல வந்த ஆள் மட்டும் திரும்பிப் போயிருப்பாள். அப்புறம் அதை யார் கண்டுபிடிப்பது?

"இவ ஒருத்தி மட்டும் இல்லீங்க சார். இன்னும் நிறையப் பேரு வெளியில நிக்கறாங்க. பட்டியலக் கீழ எறக்கணும்" என்றேன்.

"ஒட்டுன பட்டியலை எறக்கறதா? நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. சிரிப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு கேக்கறேன். இத்தன பேரும் ஜூன் ஒண்ணாந்தேதியா பொறந்தாங்க? வாத்தியார் குத்துமதிப்பாப் போட்ட தேதிதானே? அதுல பாதி பேருக்கு வயசு நெசமாவே தாண்டியிருக்கும். உங்க மெசின் தெரியாம நல்லதுதான் பண்ணியிருக்கு. உட்டுருங்க."

கோபம் எனக்கு உச்சிக்கு ஏறியது. ஆனால் அவர் கேட்டது வெட்டிப் பேச்சு இல்லை. அந்தத் தேதிகள் உத்தேசமானவை என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

"குத்துமதிப்புதானுங்க சார்" என்றேன். "ஆனா அந்தத் தேதியிலதான் இவங்க பரீட்சை எழுதறாங்க, நாளைக்கு ஓட்டுப் போடுவாங்க. அரசாங்கம் ஒத்துக்கிட்ட தேதி. அது தப்புன்னா நேரா எழுதிப் போட்டு, எல்லாரையும் கூப்பிட்டு விசாரிங்க. யாரும் முடிவு பண்ணாம, ஒரு ஆறரை மணி முடிவு பண்ணுச்சுன்னா அத நான் ஒத்துக்க மாட்டேன். இந்தப் பட்டியல் சரின்னு எங்கையால கையெழுத்துப் போட மாட்டேன்."

செயலாளர் என்னை முறைத்தார். பிறகு மடமடவென்று படியிறங்கிப் போனார். போச்சு, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கார்த்தி, "மேடம், அவரே கிழிக்கறாரு" என்றான். பலகையிலிருந்த பட்டியலை அந்த மனிதர் தன் கையாலேயே கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

கார்த்தி அதற்குள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தான். "மேடம், வரம்பை ஒரு நாள் முன்னாடி தள்ளிப்போட்டா எல்லாரும் உள்ள வந்துருவாங்க. ஒரே மாத்தம்தான்."

"அலுவலகத்துல நாம ஏத்துன வரியெல்லாம் என்னாகும்?" என்று கேட்டேன். அவற்றில் ஆறரை கிடையாது. அவை நகரவே இல்லை. வரம்பைத் தள்ளினால், அங்கே உண்மையிலேயே மே முப்பத்தொன்றில் பிறந்த பிள்ளை உள்ளே வந்துவிடும். தேடிப் பார்த்தோம். அப்படி ஒருத்தி இருக்கவும் இருந்தாள். அவளைச் சேர்த்தால் நாளைக்கு யாராவது ஒருவர் சான்றிதழைக் காட்டிக் கேள்வி கேட்பார், மொத்தப் பட்டியலும் சந்தி சிரிக்கும். ஒரு தப்பை இன்னொரு தப்பால் ஈடுகட்டினால், இரண்டுக்கும் சேர்த்துப் பிறகு அழ வேண்டிவரும்.

முதலில் டேபிளைப் பிரதி எடுத்து வைத்தோம். பிறகு பிறந்தநாளுக்கென்று டேபிளில் புதிதாக ஒரு நெடுவரிசை போட்டோம், அதில் நாளைத் தவிர வேறெதையும் வைக்க முடியாதபடி. ஆறரை ஒட்டிய வரிகளை நம் நேரத்துக்குத் திருப்பி நாளை மட்டும் எடுத்தோம். மற்றவற்றை இருந்தபடியே எடுத்தோம். வரம்பின் அக்கம்பக்கத்தில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கார்த்தி சான்றிதழை வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். அவன் வேகத்துக்கு நான் போகவில்லை. என் வேகத்துக்கு அவன்தான் வந்தான். புதிய பட்டியல் வந்தபோது ஜெசிந்தா அதில் இருந்தாள், அவளோடு இன்னும் பலர் இருந்தார்கள்.

நாம் செய்கிற வேலை இத்தோடு முடிந்தது என்றுதான் உங்களுக்குத் தோன்றும். கம்ப்யூட்டரில் பெயர் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை ஓட்டம். இல்லை என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகள் மஞ்சக்குட்டையிலும் நாகலூரிலும் இருந்தார்கள். பல ஊர்களில் போன் எடுக்காது. யார் போய்ச் சொல்வது?

செயலாளர் தன் ஜீப்பைக் கொடுத்தார். நாகலூர்ப் பக்கத்துக்குத் தானே ஒரு வாடகை ஜீப்பில் கிளம்பினார். நானும் கார்த்தியும் மஞ்சக்குட்டைக்குப் புறப்பட்டபோது ஆரோக்கியமேரி மகளை ஒரு உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கும்மா? உங்க பொண்ணு பேருதான் வந்துருச்சே."

"மஞ்சக்குட்டை என் பொறந்த ஊருங்க மேடம். நீங்க போய் ஊடு ஊடாத் தேடறதுக்குள்ள இருட்டிப்போகும். நான் நேரா கூட்டிட்டுப் போறேன்."

போகும் வழியெல்லாம் எனக்கு மனது உறுத்தியது. பெண்பிள்ளைகளுக்கு விடுதியில் இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். நாங்கள் கூட்டி வரும் ஒவ்வொருத்தியும் ஜெசிந்தாவுக்குப் போட்டி. இது அந்தத் தாய்க்குப் புரிந்ததா இல்லையா? தெரியாமல் வருகிறாள் என்றால் சொல்லாமல் இருப்பது ஏமாற்றுவது போல. சொல்லிவிட்டேன்.

"தெரியும்ங்க" என்றாள் வெளியே பார்த்தபடி. "ஆளில்லாத பந்தயத்துல மொதல்ல வந்து என்னங்க பண்றது? கீழ சேலத்துக்குப் போனா இதவிட வேகமா ஓடறவங்க இருப்பாங்க. இங்கயே தெரிஞ்சுக்கட்டும்."

மஞ்சக்குட்டையில் ஒரு தோட்டத்தில் பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி காட்டிய பெண்ணின் பெயர் பொன்னி. கையெல்லாம் பலாப் பிசினோடு வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலரவில்லை, தகப்பனைப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"காலைல பேரு இல்லைன்னீங்க. இப்ப இருக்குதுங்கறீங்க. நாளைக்கு அங்க வந்தப்பறம் மறுக்கா இல்லைன்னு சொல்லிப்போட்டா புள்ள மனசு என்னாகுமுங்க?"

டைம்சோனைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது? நாங்கள் ஒரு முறை கெடுத்த நம்பிக்கை அது. ஆரோக்கியமேரிதான் முன்னால் வந்தாள்.

"அண்ணா, எம்புள்ளைக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க. எங்கண்ணு முன்னால சரி பண்ணுனாங்க. பாத்துட்டுத்தான் வாரேன். நாளைக்கு இல்லைன்னு சொன்னா நானும் உங்ககூட நின்னு கேக்கறேன். அனுப்புங்க."

அவர் மகளிடம், "போய்க் கையக் கழுவிட்டு வா கண்ணு" என்றார்.

மறுநாள் காலை மைதானத்தில் மேகம் இறங்கியிருந்தது. எதிர்க்கோடியில் ஓடுகிறவர்கள் தெரியவில்லை, காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பெண்களின் ஓட்டத்தில் ஜெசிந்தா பாதிக்குமேல் முன்னணியில் இருந்தாள். கடைசி வளைவில் மேகத்திலிருந்து வெளியே வந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். முடிவுக் கோட்டை நெருங்கும்போது பொன்னி அவளைத் தாண்டினாள். பெண்களுக்கான கடைசி இடம் பொன்னிக்குப் போனது. ஜெசிந்தா அவளுக்கு அடுத்தபடி வந்தாள், வெளியே நின்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது. செயலாளர் முந்தின நாள் சொன்னபடி ஒரே ஒரு வரியைத் திருத்தியிருந்தால் இந்தப் பிள்ளை விடுதியில் இருந்திருப்பாள். அது எனக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இருந்தாலும் மறுபடி அதே நாள் வந்தால் அதையேதான் செய்வேன். தேதியில் பிழை இருந்தது, திருத்தினோம். ஓட்டத்தில் பிழை இல்லை, அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

ஆரோக்கியமேரியிடம் போகக் கால் வரவில்லை. அவளே வந்தாள். மகள் சற்றுத் தள்ளிப் பொன்னியோடு ஏதோ பேசிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க மேடம், நீங்க எதுக்குக் கண்ணுல தண்ணி உடறீங்க? வயசு தப்புன்னு வெளிய நிறுத்தியிருந்தா சாகற வரைக்கும் உங்களையெல்லாம் திட்டியிருப்பேனுங்க. ஓடித்தான தோத்தா. அது அவ பாடு. அடுத்த பந்தயம் எங்கன்னு இப்பவே கேக்கறா." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க. இவளுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா. இவளவிட நொம்ப வேகம். அவளுக்கும் வாத்தியார் ஜூன் ஒண்ணுதானுங்க போட்டாரு. அவ வாரப்ப எல்லாம் சரியா இருக்கும்ங்களா?"

"இருக்கும்" என்றேன்.

அன்றைக்கு அந்த டேபிள் என் கையில் இருந்தது, சொல்லிவிட்டேன். இப்போது அது உங்கள் கையில் இருக்கிறது. ஆப்பைப் புதிதாக மாற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தாராளமாக மாற்றுங்கள். சின்னவள் இந்த ஜூனில் வருகிறாள்.